ரியூசன் மெசேஜை பட்ச் பைலால அனுப்புறது: பரமீற்றரும் திகதியும் பிழைக்காம இருக்க முழு வழிகாட்டி

ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஒரே மெசேஜை கையால அடிச்சு ரெலிகிராம் குறூப்பில போடுற ஆக்களுக்காக இதை எழுதுறன். "தரம் 11 கணிதம், நாளைக்கு பின்னேரம் 4.30" எண்டு வகுப்பும் நேரமும் திகதியும்தான் மாறும், மிச்ச வசனம் எல்லாம் அதேதான், அதை ஒரு பட்ச் பைல் (வின்டோஸ் வரி வரியா ஓட்டுற கொமாண்டுகள் எழுதின பைல்) செய்தா உங்களுக்கு நாளுக்கு அரை மணித்தியாலம் மிச்சம், பிழையும் குறையும்.

கொக்குவில் பக்கம் ஒரு ரியூசன் சென்ரருக்கு இதைச் செய்து குடுத்து, பேந்து அங்க ஒபிசில நிக்கிற மூண்டு பிள்ளையளுக்குப் பழக்கினனான். மூண்டு பேரும் தடக்குப்பட்ட இடம் ஒண்டுதான். மெசேஜ் அனுப்புறதில்லை, திகதி. அதால இந்த வழிகாட்டியில நான் திருப்பித் திருப்பிச் சொல்லப்போறது இது: திகதியை பைலுக்குள்ள ஒளிச்சு வைக்காதேங்கோ, வகுப்பையும் நேரத்தையும் போல அதையும் வெளியில இருந்து குடுக்கக்கூடிய ஒரு பரமீற்றரா வையுங்கோ, குடுக்காட்டி மட்டும் இண்டைய திகதியை எடுக்கட்டும். இதைச் செய்தா நாளைக்கு என்ன போகும் எண்டு இண்டைக்கே பாக்கலாம், நேற்று போகாததை இண்டைக்கு சரியான திகதியோட திருப்பி அனுப்பலாம்.

ஒரு விசயம். கொமாண்ட் எல்லாத்தையும் உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில எழுதியிருக்கிறன். கொம்பியூட்டரில அடிக்கேக்க இங்கிலீஷ் எழுத்தில அடியுங்கோ, வேரியபிள் (ஒரு பெறுமதியை வச்சிருக்கிற இடம்) பேரையும் அப்பிடித்தான். குறிகளும் இலக்கங்களும் நான் எழுதினபடியே.

1. தொடங்க முதல் கையில இருக்க வேண்டியது

வின்டோஸ் 10, வேர்ஷன் 1803க்குப் பிறகு வந்தது எதுவும் காணும், ஏன் எண்டா அதில இருந்துதான் கர்ள் எண்ட, இணையத்தால தகவல் அனுப்புற புரோகிராம் வின்டோஸோடயே வருது. கொமாண்ட் புரொம்ப்ட்டைத் திறந்து "கர்ள் --வேர்ஷன்" எண்டு அடிச்சுப் பாருங்கோ, நம்பர் வந்தா சரி. இதை பவர்ஷெல் விண்டோவில அடிச்சுப் பாக்காதேங்கோ. வின்டோஸோட வாற பவர்ஷெல் 5.1இல கர்ள் எண்ட பேர் வேற ஒரு கொமாண்டுக்குப் பட்டப்பேரா இருக்குது, அது வேற மாதிரி நடக்கும், நீங்க மண்டையை உடைப்பியள்.

ரெலிகிராமில பொட்ஃபாதர் எண்ட கணக்கிட்ட புது பொட் (புரோகிராமால மெசேஜ் போடுற கணக்கு) ஒண்டு கேட்டா அது நீளமான ஒரு டோக்கன் தரும். அது பாஸ்வேர்ட் மாதிரி, அதை வச்சிருக்கிற எவரும் உங்கட பொட்டால எழுதலாம், அதால பட்ச் பைலை ஆருக்கும் கொப்பி குடுக்கேக்க டோக்கன் அதுக்குள்ள இருக்கக்கூடாது. "செட்எக்ஸ்" கொமாண்டால அதை கொம்பியூட்டரில ஒரு வேரியபிளா சேமிச்சு வையுங்கோ. சேமிச்ச அதே விண்டோவில அது தெரியாது, மூடிப்போட்டு புதுசாத் திறந்தாத்தான் தெரியும். இதை அறியாம "நான் போட்டது வேலை செய்யேல்லை" எண்டு நாலு தரம் போட்ட பிள்ளையும் இருக்குது.

பொட்டை குறூப்பில சேர்க்க வேணும். பொட் தானா ஒருத்தருக்கு முதல் மெசேஜ் போட ஏலாது, அவர்தான் முதல்ல அதோட கதைக்க வேணும், ஆனா குறூப்பில சேர்த்தா அங்க போடும். சேர்த்த பிறகு குறூப் நம்பரை எடுங்கோ. பொட்டின்ர விலாசத்தில (அதின்ர வடிவம் 10ஆம் படியில இருக்குது) "கெட்அப்டேட்ஸ்" எண்டு கேட்டா நம்பர் வரும். குறூப் நம்பருக்கு முன்னால கழித்தல் குறி இருக்கும், கொப்பி பண்ணேக்க கனபேர் அதை விட்டிடினம், விட்டா அது வேற ஆளின்ர நம்பர் ஆகிடும். குறூப் பெருத்து சூப்பர்குறூப்பா மாறினா நம்பரும் மாறி -100 எண்டு தொடங்கும், ஒரு நாள் திடீரெண்டு மெசேஜ் போகாம நிண்டா முதல்ல இதைப் பாருங்கோ.

கடைசியா, மணிக்கூடு. ரைம் சோன் "ஸ்ரீ ஜெயவர்தனபுர" எண்டு, +05:30இல நிக்க வேணும். இதை பேந்து ஆராவது வெளிநாட்டு கிளவுட் சேர்வருக்கு மாத்தினா அங்க அனேகமா யூரிசி எண்ட உலகப் பொது நேரம்தான் ஓடும், அப்ப எங்கட நள்ளிரவில இருந்து விடிய 5.30 மட்டும் அந்த மெசினுக்கு இன்னும் நேற்று.

2. முதல்ல ஒரு கடதாசியில எழுதுங்கோ

கீபோர்ட்டைத் தொட முதல் கையால அனுப்பின பழைய மெசேஜ் ஒரு பத்தை எடுத்து வச்சு, நாளுக்கு நாள் மாறுறதை எல்லாம் பேனையால சுத்துங்கோ. சுத்தினது பரமீற்றர், சுத்தாதது பைலுக்குள்ள இருக்கிற வசனம்.

எங்களுக்கு வந்தது மூண்டு: வகுப்பு, நேரம், திகதி. ஒழுங்கும் இதுதான். கட்டாயம் குடுக்க வேண்டியது முன்னால, குடுக்காம விடக்கூடியது கடைசியில. பட்ச் பைல் இடத்தை வச்சுத்தான் பரமீற்றரை அடையாளம் பிடிக்கும், பேரை வச்சு இல்லை. நடுவில இருக்கிற ஒண்டை விட்டா பின்னால இருக்கிறது முன்னுக்கு நகர்ந்திடும், திகதியை முதல்ல வச்சுப்போட்டு ஒரு நாள் குடுக்க மறந்தா வகுப்பின்ர பேர் திகதி இருந்த இடத்துக்குப் போயிடும்.

3. பைலின்ர தலைப்பகுதி

நோட்பாட்டில புது பைல் திறந்து இந்த நாலு வரியையும் போடுங்கோ:

@எக்கோ ஓஃப்
செட்லோக்கல்
சிடி /டி "%~டிபி0"
சிஎச்சிபி 65001 >நுல்

ரெண்டாவது வரி, இந்த பைல் உண்டாக்கிற வேரியபிள் எல்லாம் பைல் முடிய அழிஞ்சு போகட்டும் எண்டதுக்கு. மூண்டாவது, பைல் இருக்கிற போல்டருக்குப் போ எண்டு அர்த்தம். இப்ப தேவையில்லாத மாதிரித் தெரியும், ஆனா குறிச்ச நேரத்தில பைலைத் தானா ஓட்டுற ராஸ்க் ஷெடியூலர் இதை ஓட்டேக்க சிஸ்டம்32 போல்டரில நிண்டுகொண்டு ஓட்டும், இந்த வரி இல்லாட்டி உங்கட பைல் எல்லாத்தையும் அங்க தேடும். நாலாவது வரி தமிழுக்கு, அது இல்லாட்டி தமிழ் எழுத்து கேள்விக்குறியா இல்லாட்டி கோணல்மாணலா போகும்.

சேமிக்கேக்க "அனுப்பு.பட்" எண்டு பேர் வச்சு, யூரிஎஃப்-8 எண்டு சேமியுங்கோ, "பிஓஎம் உடன்" எண்ட தெரிவை எடுக்காதேங்கோ. அதை எடுத்தா முதல் வரிக்கு முன்னால கண்ணுக்குத் தெரியாத மூண்டு பைட் ஒட்டும், ஓட்டின உடன முதல் வரியே விளங்கேல்லை எண்டு எரர் வரும், நீங்க எவ்வளவு உத்துப் பார்த்தாலும் அந்த வரியில பிழை தெரியாது.

4. பரமீற்றரை வாங்கின உடன பேர் வையுங்கோ

செட் "கிளாஸ்=%~1"
செட் "நேரம்=%~2"
செட் "ரன்டேட்=%~3"

பைல் முழுக்க %1, %2 எண்டு எழுதிக்கொண்டு போகலாம்தான், ஆனா ஒரு மாசம் கழிச்சுத் திறந்து பாக்கேக்க %2 எது எண்டு உங்களுக்கே தெரியாது, நாளைக்கு ஒழுங்கை மாத்த வேண்டி வந்தாலும் இஞ்ச ஒரு இடத்தில மாத்தினாக் காணும்.

அலைக்குறி ஏன் எண்டா, "தரம் 11 கணிதம்" எண்டதில இடைவெளி இருக்குது, மேற்கோள்குறி போட்டுத்தான் குடுக்க வேணும், இல்லாட்டி அது மூண்டு பரமீற்றரா உடையும். %1 எண்டு வாங்கினா மேற்கோள்குறியும் சேர்ந்து வரும், %~1 எண்டு வாங்கினா அது உரிஞ்சு வரும். இடைவெளி மட்டும் இல்லை, காற்புள்ளி, அரைப்புள்ளி, சமன் குறி மூண்டும் பட்ச் பைலில பரமீற்றரைப் பிரிக்கும். ஒருக்கா 4.30,6.00 எண்டு ரெண்டு நேரத்தை மேற்கோள் இல்லாமக் குடுத்து, 6.00 போய் திகதியா இருந்திட்டுது. ஆகவே எல்லாத்துக்கும் எப்பவும் மேற்கோள்குறி போடுங்கோ, தேவையோ இல்லையோ எண்டு யோசிக்க வேண்டாம்.

செட் எழுதேக்க சமன் குறிக்கு ரெண்டு பக்கமும் இடைவெளி விடாதேங்கோ. அழகா இருக்கும் எண்டு விட்டா அந்த இடைவெளி வேரியபிளின்ர பேரோட ஒட்டி, "கிளாஸ்" எண்டு ஒண்டும் "கிளாஸ் " எண்டு வேற ஒண்டும் ஆகிடும், பேந்து கேக்கேக்க வெறுமையா வரும்.

பேர் வைக்கேக்க டேட், ரைம், பாத் எண்ட மூண்டு பேரையும் வைக்காதேங்கோ. பாத் எண்டு வச்சா கர்ள் எங்க இருக்குது எண்டே கொம்பியூட்டருக்குத் தெரியாமப் போகும். டேட் எண்டு வச்சா வின்டோஸ் தாற உண்மையான திகதி அந்த ஓட்டத்தில மறைஞ்சு போகும். இதுக்காகத்தான் நான் ரன்டேட் எண்டு வச்சனான்.

பத்தாவது பரமீற்றருக்கு %10 எண்டு போட ஏலாது, அது முதலாவது பரமீற்றரையும் ஒரு சைபரையும் தரும். அவ்வளவு தேவை எண்டா ஷிஃப்ட் கொமாண்ட் இருக்குது. ஆனா பத்துப் பரமீற்றர் தேவைப்படுது எண்டா திருப்பி ரெண்டாம் படிக்குப் போங்கோ.

கட்டாயமான ரெண்டும் வந்ததோ எண்டு பாத்து, வராட்டி "வகுப்பும் நேரமும் குடுங்கோ" எண்டு காட்டிப்போட்டு அதிலயே நிப்பாட்டுங்கோ. வெறுமையான மெசேஜ் முந்நூறு பெற்றாருக்குப் போறதை விட ஒண்டும் போகாம நிக்கிறது எவ்வளவோ மேல்.

5. இண்டைய திகதி, ஒரே ஒரு இடத்தில

பழகிறவை எல்லாரும் முதல்ல, வின்டோஸ் தாற திகதியை எடுக்கிற %டேட்% எண்டதைத்தான் பிடிப்பினம். கூகிளில தேடினாலும் அதில இருந்து எழுத்தை வெட்டி எடுக்கிற வழிதான் வரும். வேண்டாம். %டேட்% என்ன வடிவத்தில வரும் எண்டது அந்தக் கொம்பியூட்டரின்ர ரீஜன் செட்டிங்கில தங்கியிருக்குது. ஒபிஸ் மெசினில நாள் முன்னால வரும், சேரின்ர லப்டொப்பில மாசம் முன்னால வரும், இன்னொண்டில கிழமையின்ர பேரும் சேர்ந்து வரும். வெட்டுற இடம் ஒண்டு, வாற எழுத்து வேற. ஏப்ரல் 3ஆம் திகதி மார்ச் 4 ஆகினா ஆருக்கும் எரர் வராது, பிள்ளையள் மட்டும் பிழையான நாளில வந்து நிக்குங்கள்.

அதால பவர்ஷெல்லிட்ட கேளுங்கோ, எந்த வடிவம் வேணும் எண்டு நாங்களே சொல்லலாம்:

இஃப் நொட் டிஃபைன்ட் ரன்டேட் ஃபோர் /எஃப் %%டி இன் ('பவர்ஷெல் -நோப்ரொஃபைல் -கொமாண்ட் "கெட்-டேட் -ஃபோர்மட் வைவைவைவை-எம்எம்-டிடி"') டூ செட் "ரன்டேட்=%%டி"

இது ஒரே வரி, உடைக்காம எழுதுங்கோ. "மூண்டாவது பரமீற்றர் வரேல்லை எண்டா மட்டும் இண்டைய திகதியை எடு" எண்டதுதான் அதின்ர அர்த்தம்.

இந்த வரியில ரெண்டு இடத்தில பிழைப்பினம். ஒண்டு, %%டி. பட்ச் பைலுக்குள்ள ரெண்டு % குறி, கொமாண்ட் புரொம்ப்ட்டில நேரா அடிச்சுப் பாக்கேக்க ஒண்டு. அங்க அடிச்சு சரிவந்ததை அப்பிடியே பைலுக்குள்ள ஒட்டினா ஓடாது.

மற்றது எழுத்தின்ர அளவு. வருசத்துக்கு சின்ன வை நாலு, மாசத்துக்குப் பெரிய எம் ரெண்டு, நாளுக்கு சின்ன டி ரெண்டு. சின்ன எம் போட்டா அது நிமிசம். பழகின பிள்ளை ஒண்டு யூலை மாசத்தில ஒரு பின்னேரம் 4 மணி 7 நிமிசத்துக்கு ஓட்டிப் பாத்திருக்குது, மாசம் இருக்க வேண்டிய இடத்தில 07 எண்டு வந்தது, யூலைதானே எண்டு சரி எண்டு விட்டிட்டுது. அடுத்த நாள் 5.31க்கு ஓடேக்க 31ஆம் மாசம் எண்டு போச்சுது. அந்தப் பிள்ளையில பிழை சொல்ல மாட்டன், கண்ணுக்கு முன்னால சரியான விடை வந்தா ஆர்தான் சந்தேகப்படுவினம், அதாலதான் ஒரு தரம் ஓடினதை வச்சு சரி எண்டு முடிவெடுக்கக்கூடாது, நிமிசம் மாறவிட்டு இன்னொருக்கா ஓட்டிப் பாருங்கோ.

வடிவம் ஏன் வருசம்-மாசம்-நாள்? ஒண்டு, அதை ரெண்டு விதமா வாசிக்க ஏலாது. ரெண்டு, பைல் பேரில சாய்வுக்கோடு வரக்கூடாது, கோடு வரலாம். மூண்டு, பேரின்படி அடுக்கினா திகதி ஒழுங்கிலயே வரும். மெசேஜில பெற்றாருக்கு வேற மாதிரிக் காட்ட விருப்பம் எண்டா கடைசியில மாத்துங்கோ, உள்ளுக்க முழுக்க இந்த வடிவம்தான் ஓட வேணும்.

6. நாளைய திகதியை நீங்க கூட்டாதேங்கோ

வகுப்பு நாளைக்கு, மெசேஜ் இண்டைக்கு. நாள் இலக்கத்தை வெட்டி எடுத்து ஒண்டைக் கூட்டினாச் சரிதானே எண்டு நானும் முதல்ல அப்பிடித்தான் செய்தனான். 31ஆம் திகதி பின்னேரம் 32ஆம் திகதி வகுப்பு எண்டு பெற்றார் குறூப்புக்குப் போச்சுது.

அதை விடக் கரைச்சல் குடுத்தது இன்னொண்டு. மாசம் முழுக்க ஓடும், 8ஆம் 9ஆம் திகதிகளில மட்டும் விழும். ரெண்டு மாசம் காரணம் பிடிபடேல்லை. பட்ச் பைலில "செட் /ஏ" கணக்குப் போடேக்க சைபரில தொடங்கிற இலக்கத்தை எட்டின் அடி எண்ணா எடுக்கும், அந்த முறையில 8உம் 9உம் எண்ட இலக்கமே இல்லை, 07 சரி, 10 சரி, 08உம் 09உம் செல்லாது எண்டு எரர் குடுத்திட்டு கணக்கை விட்டிடும். மெசேஜ் திகதி இல்லாமப் போகும்.

கூட்டுறதையும் பவர்ஷெல்லிட்டயே விடுங்கோ. மேல உள்ள ஃபோர் வரி மாதிரியே இன்னொண்டு, உள்ளுக்க இருக்கிற கேள்வி மட்டும் வேற:

"([டேட்ரைம்]'%ரன்டேட்%').அட்டேய்ஸ்(1).ருஸ்ட்ரிங்('வைவைவைவை-எம்எம்-டிடி')"

வாற விடையை கிளாஸ்டேட் எண்ட வேரியபிளில வையுங்கோ. மாச முடிவு, வருச முடிவு, பெப்ரவரி 29 எல்லாம் அதுவே பாக்கும். இஞ்ச கவனியுங்கோ, நான் கெட்-டேட் எண்டு திருப்பிக் கேக்கேல்லை, ரன்டேட்டில இருந்துதான் எடுக்கிறன். ரெண்டு தரம் கெட்-டேட் கேட்டா, இரவு 12க்குக் கிட்ட ஓடேக்க முதலாவது ஒரு நாளும் ரெண்டாவது அடுத்த நாளுமா வரலாம், அதோட வெளியில இருந்து நீங்க குடுத்த திகதியும் பேசாம மறக்கப்பட்டிடும். திகதி ஒருக்காத்தான் உள்ளுக்க வரவேணும், மிச்சம் எல்லாம் அதில இருந்து பிறக்க வேணும்.

7. அடைப்புக்குறிக்குள்ள வேரியபிளை வச்சு, அதுக்குள்ளயே வாசிக்காதேங்கோ

இஃப் இல்லாட்டி ஃபோர் எழுதி அடைப்புக்குறி திறந்தா, அந்த அடைப்பு முழுக்க ஓட முதலே % குறிக்குள்ள இருக்கிறதெல்லாம் நிரப்பப்பட்டிடும். உள்ளுக்க செட் போட்டு அடுத்த வரியில வாசிச்சா பழைய பெறுமதிதான் வரும், இல்லாட்டி ஒண்டும் வராது. "ரெண்டாந்தரம் ஓட்டினா சரியா வருது" எண்டு ஆராவது சொன்னா, செட்லோக்கல் போடேல்லை, முதல் தரம் வச்சது விண்டோவில மிஞ்சி நிண்டு இப்ப வருது எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ.

இதுக்கு ஆச்சரியக்குறி போட்டு வாசிக்கிற முறை ஒண்டு இருக்குது, ஆனா அதைப் போட்டா மெசேஜில இருக்கிற "வணக்கம்!" எண்டதின்ர ஆச்சரியக்குறியும் காணாமப் போகும். மெசேஜ் அனுப்புற பைலில அதை நான் பாவிக்கிறேல்லை. மேல உள்ள மாதிரி ஒரு வரி இஃப், ஒரு வரி ஃபோர் எண்டு எழுதினா இந்தப் பிரச்சினையே வராது.

8. மெசேஜை முதல்ல ஒரு பைலில எழுதுங்கோ

நேரா அனுப்பாம, மெசேஜ் எண்ட பேரில ஒரு ரெக்ஸ்ட் பைலில எழுதிப்போட்டு அந்த பைலை அனுப்புங்கோ. என்ன போனது எண்டு பிறகு திறந்து பாக்கலாம், பல வரி மெசேஜும் சுகமா வரும்.

>மெசேஜ்.ரெக்ஸ்ட் எக்கோ(%கிளாஸ்%
>>மெசேஜ்.ரெக்ஸ்ட் எக்கோ(திகதி: %கிளாஸ்டேட்%
>>மெசேஜ்.ரெக்ஸ்ட் எக்கோ(நேரம்: %நேரம்%

வசனத்தை பைலுக்குத் திருப்பிவிடுற அம்புக்குறியை முன்னால போட்டதுக்கு காரணம் இருக்குது. வழக்கமா எல்லாரும் வரி முடிவிலதான் போடுவினம், "நேரம்: %நேரம்%>மெசேஜ்.ரெக்ஸ்ட்" எண்டு. நேரம் வெறும் 4 எண்டு வந்தா அது "4>" ஆகும், அதை வின்டோஸ் நாலாம் நம்பர் குழாயைத் திருப்பு எண்டு வாசிக்கும், வசனம் திரையில வரும், பைல் வெறுமையா இருக்கும். 4.30க்கு ஓடினது 4 மணி வகுப்புக்கு ஏன் ஓடேல்லை எண்டு தேடுறது சும்மா வேலை இல்லை. எக்கோவுக்குப் பிறகு அந்த ஒற்றை அடைப்புக்குறி எதுக்கு எண்டா, வேரியபிள் வெறுமையா இருந்தா வெறும் எக்கோ "எக்கோ இஸ் ஓஃப்" எண்ட வசனத்தை எழுதிவிடும், அதுவே மெசேஜாப் பெற்றாருக்குப் போயிடும்.

பைலுக்குள்ள "50% கழிவு" எண்டு எழுத வேணும் எண்டா % குறியை ரெண்டு தரம் போடுங்கோ. & குறியை மெசேஜில பாவிக்கவே வேண்டாம், அதோட கொமாண்ட் முடிஞ்சுது எண்டு நினைச்சு மிச்சத்தை வேற கொமாண்டா ஓட்டப் பாக்கும். பௌதிகவியல் & இரசாயனவியல் எண்டு எழுதாம "பௌதிகவியலும் இரசாயனவியலும்" எண்டு எழுதுங்கோ, வாசிக்கவும் அதுதான் நல்லாயிருக்கும்.

9. அனுப்ப முதல் காட்டுங்கோ

இந்தப் படியை ஒருத்தரும் விடக்கூடாது. மெசேஜ் எழுதின வரிகளுக்குப் பிறகு, அனுப்புற வரிக்கு முதல் இதைப் போடுங்கோ:

இஃப் டிஃபைன்ட் ரெஸ்ட் (ரைப் மெசேஜ்.ரெக்ஸ்ட் & எக்சிட் /பி)

கொமாண்ட் புரொம்ப்ட்டில முதல்ல "செட் ரெஸ்ட்=1" எண்டு அடிச்சுப்போட்டு பைலை ஓட்டினா மெசேஜ் திரையில மட்டும் வரும், ஒருத்தருக்கும் போகாது. இப்ப மூண்டாவது பரமீற்றரின்ர அருமை தெரியும். இந்தத் திகதிகளைக் குடுத்து ஒண்டொண்டா ஓட்டுங்கோ:

2024-02-28, அடுத்த நாள் 29 எண்டு வரவேணும்.
2025-02-28, அடுத்த நாள் மார்ச் 1.
2025-12-31, வருசம் மாறவேணும்.
2025-08-08உம் 2025-08-09உம், அந்த எட்டு ஒன்பது விசயத்துக்காக.

எல்லாம் சேர்த்து ரெண்டு நிமிசம். திகதியை பைலுக்குள்ளயே எடுத்திருந்தா இதைப் பாக்க கொம்பியூட்டர் மணிக்கூட்டை மாத்தி மாத்தி ஓட்ட வேணும், இல்லாட்டி பெப்ரவரி வரும் வரைக்கும் காத்திருக்க வேணும்.

முடிய "செட் ரெஸ்ட்=" எண்டு வெறுமையா அடிச்சு அழியுங்கோ, இல்லாட்டி அந்த விண்டோவை மூடுங்கோ. முதல் உண்மையான அனுப்பலையும் குறூப்புக்கு விடாம, நீங்களும் பொட்டும் மட்டும் இருக்கிற ஒரு சின்னக் குறூப்புக்கு விடுங்கோ.

10. அனுப்புறது

இதுக்குத்தான் எல்லாரும் பயப்பிடுவினம், உண்மையில இதுதான் லேசு. கர்ளுக்கு குடுக்க வேண்டியது நாலு: -எஸ்எஸ்எஃப் எண்ட தெரிவு, குறூப் நம்பர், மெசேஜ் பைல், ரெலிகிராம் பொட் விலாசம். விலாசத்தில "பொட்" எண்ட சொல்லோட இடைவெளி இல்லாம டோக்கன் ஒட்டி, சாய்வுக்கோடு போட்டு "சென்ட்மெசேஜ்" எண்டு முடியும்.

மெசேஜை "--டேட்டா-யூஆர்எல்என்கோட்" எண்ட தெரிவால, "ரெக்ஸ்ட்@" எண்டு போட்டு பைல் பேரைக் குடுங்கோ. தமிழ் எழுத்து, இடைவெளி, வரி முறிவு எல்லாத்தையும் கர்ளே மாத்தி அனுப்பும். இதை விட்டிட்டு விலாசத்திலயே மெசேஜை எழுதி இடைவெளிக்கு %20 போட்டா, பட்ச் பைல் அதில இருக்கிற %2ஐ ரெண்டாவது பரமீற்றர் எண்டு எடுத்திடும், ஒவ்வொரு சொல்லுக்கு நடுவிலயும் 4.300 எண்டு வரும். அதைப் பாத்த ஆள் ரெலிகிராமைத்தான் குற்றம் சொன்னது.

தெரிவில கடைசியா இருக்கிற சின்ன எஃப் முக்கியம். அது இல்லாட்டி ரெலிகிராம் "ஏலாது" எண்டு மறுத்தாலும் கர்ளைப் பொறுத்தவரை விலாசத்துக்குப் போய் பதில் வாங்கி வந்தாச்சு, வெற்றி எண்டு 0 திருப்பும். அது இருந்தா மறுத்தா 22 திருப்பும். அனுப்பின அடுத்த வரியிலயே அந்த இலக்கத்தை வேரியபிளில எடுத்து வையுங்கோ, நடுவில வேற கொமாண்ட் ஓடினா அது மாறிடும். பிறகு ரன்டேட், வகுப்பு, அந்த இலக்கம் மூண்டையும் லொக் (பதிவு) எண்ட ஒரு பைலில ஒரு வரியாச் சேருங்கோ. லொக் பைலின்ர பேரில %ரைம்% போடாதேங்கோ, விடிய 10 மணிக்கு முதல் அதின்ர தொடக்கத்தில ஒரு இடைவெளி வரும், அதோட முக்காற்புள்ளியும் பைல் பேரில வரக்கூடாது.

ஒரு மெசேஜுக்கு ரெலிகிராம் விடுறது 4096 எழுத்து, வகுப்பு அறிவித்தலுக்கு அது தாராளம்.

11. லீவு நாள்

பௌர்ணமிக்கு வாற போயா லீவை கிழமையை வச்சுக் கணக்குப் பாக்க ஏலாது. தைப்பொங்கல் கூட 2024இல ஜனவரி 15, 2025இல 14. நல்லூர் திருவிழா 25 நாளும் வீதி மறிச்சு இருக்கேக்க அந்தப் பக்கத்து வகுப்புகளின்ர நேரமும் மாறும். இதையெல்லாம் பட்ச் பைலுக்குள்ள எழுதாதேங்கோ. "லீவு" எண்டு ஒரு ரெக்ஸ்ட் பைல் வச்சு, வரிக்கு ஒரு திகதி, அதே வருசம்-மாசம்-நாள் வடிவத்தில எழுதுங்கோ. ஃபைன்ட்ஸ்ரர் கொமாண்டால /பி தெரிவு போட்டு கிளாஸ்டேட் அதில இருக்கோ எண்டு தேடி, இருந்தா அனுப்பாம நிப்பாட்டுங்கோ. தேட வேண்டியது கிளாஸ்டேட், ரன்டேட் இல்லை. போயாவுக்கு முதல் நாள் மெசேஜ் போகக்கூடாது, போயா அண்டைக்கு அடுத்த நாள் வகுப்புக்குப் போக வேணும்.

வருசத் தொடக்கத்தில கலண்டரைப் பாத்து இந்த பைலை நிரப்புறது ஒபிஸ் பிள்ளை செய்யக்கூடிய வேலை, பட்ச் பைலைத் தொடத் தேவையில்லை.

12. ராஸ்க் ஷெடியூலரில போடுறது

மேல உள்ளது எல்லாம் கையால ஒரு கிழமை ஓடின பிறகுதான் இதுக்கு வாங்கோ. "புரோகிராம்" எண்ட பெட்டியில பைலின்ர முழுப் பாதை, "ஆர்கியுமென்ட்ஸ்" எண்ட பெட்டியில வகுப்பும் நேரமும் மேற்கோள்குறியோட. திகதியை அங்க குடுக்காதேங்கோ, குடுத்தா ஒவ்வொரு நாளும் அதே திகதி போகும்.

"கொண்டிஷன்ஸ்" பக்கத்தில மெயின் கரண்ட் இருந்தாத்தான் ஓடு எண்ட தெரிவு தானாவே போடப்பட்டிருக்கும். லப்டொப் எண்டா அதை எடுத்து விடுங்கோ, கரண்ட் போற நேரமும் மெசேஜ் போற நேரமும் ஒண்டா வந்தா பற்றரி நிறைய இருந்தாலும் ஓடாது.

"செட்டிங்ஸ்" பக்கத்தில, நேரம் தவறினா முடிஞ்சளவு கெதியா ஓடு எண்ட தெரிவு இருக்குது. இதைப் போடச்சொல்லி கனபேர் சொல்லுவினம். யோசிச்சுப் போடுங்கோ. பின்னேரம் 6 மணிக்கு மெசின் நிண்டு, அடுத்த நாள் விடிய ஆரோ போடேக்க அது ஓடும், அப்ப ரன்டேட் அடுத்த நாளாகி, கிளாஸ்டேட் இன்னும் ஒரு நாள் தள்ளிப் போயிடும். இண்டைக்கு இருக்கிற வகுப்பை நாளைக்கு எண்டு சொல்லி மெசேஜ் போகும். நான் அந்தத் தெரிவைப் போடுறேல்லை. விடிய வந்து லொக் பைலின்ர கடைசி வரியைப் பாக்கச் சொல்லியிருக்கிறன், நேற்றைய திகதியும் சைபரும் இல்லாட்டி கையால இப்பிடி ஓட்டினாக் காணும்:

அனுப்பு "தரம் 11 கணிதம்" "4.30" "2025-08-13"

மூண்டாவதாக் குடுக்கிறது மெசேஜ் போயிருக்க வேண்டிய நாள், வகுப்பு நாள் இல்லை. இதை மட்டும் பெரிய எழுத்தில எழுதி மொனிட்டருக்குக் கீழ ஒட்டி விட்டிருக்கிறன், ஏன் எண்டா விடிய அவசரத்தில நிக்கேக்க அதைத்தான் எல்லாரும் மாறிக் குடுக்கினம்.